சீரும் பங்கும்: மாங்காட்டில் உடன்பிறப்பு உறவும் தன்னடையாளமும்

மாங்காட்டுக் காமாட்சியின் தலபுராணம் ஒரு கல்யாணம் கைகூடிய கதை. விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தியதால் உலகம் இருண்டது. அந்தக் குற்றத்துக்காக அம்பிகை மண்ணுலகம் வந்து மாங்காட்டில் ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக்காலில் தவம் நின்றாள். பிறகு காஞ்சிபுரம் சென்று ஏகாம்பரநாதரை மணந்தாள். அம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே வெள்ளீசுவரர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. பெருமாள் கையில் ஒரு மோதிரம் உண்டு. தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் கொண்டுவந்த சீர் அது என்பது ஊர் வழக்கு.

பக்தர்களின் கண் பெரும்பாலும் அம்மன் மேல்தான். ஆய்வாளர்களின் கண்ணும் அப்படியே. ஆனால் பண்பாடு ஒருவரின் தன்னடையாளத்தை எப்படி உருவாக்குகிறது என்ற கேள்விக்கு அந்த மோதிரம்தான் நல்ல தொடக்கம் என்பது என் வாதம். பண்பாடு நம் மனத்தில் விழுமியங்களை ஊற்றி வைக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். மாங்காட்டில் நான் காண்பது வேறு. யார் யாருக்கு என்ன கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற ஒழுங்கு முதலில் வருகிறது. நான் இன்னார் என்ற உணர்வு அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஊறி வளர்கிறது.

டேவிட் ஷுல்மன் 1980இல் வெளியிட்ட தமிழ்க் கோயில் தொன்மங்கள் பற்றிய நூலில், கன்னித் தெய்வத்தின் அடங்காத ஆற்றல் திருமணத்தால் கட்டுக்குள் வருவதைப் பல தலங்களின் கதைகளில் காட்டினார். மதுரை மீனாட்சிக்கு அது பொருந்தும்: திக்விஜயம் புறப்பட்டவள் சிவனைக் கண்டதும் நாணி நிற்கிறாள். மாங்காட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே தெய்வத்தை யாரும் அடக்கவில்லை. தான் வேண்டியதைத் தானே தவம் கிடந்து பெறுகிறாள். தபசு காமாட்சியின் திருவுருவத்தில் ஒரு கால் தீயில் ஊன்றியிருக்க, மற்றது மடிந்திருக்கிறது. இவ்வளவு தனியாக, இவ்வளவு மனவுறுதியோடு நிற்கும் ஒருத்திக்கும் கல்யாணம் என்று வரும்போது அண்ணன் சீரோடு வந்தாக வேண்டும் என்று கதை ஏன் சொல்கிறது? அண்ணன் இல்லாமலே கதை முடிந்திருக்கலாம்; தவத்தின் பலன் அதற்கு முன்பே உறுதியாகிவிட்டது. ஆனாலும் அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு கோயில் இருக்கிறது.

மதுரையில் அழகர் சீர் கொண்டு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே அண்ணன் கோபித்துக்கொள்கிறார். மாங்காட்டில் வருத்தம் ஏதுமில்லை. இரண்டு கதைகளிலும் மாறாமல் நிற்பது, பெண்ணின் பிறந்தவீடு கல்யாணத்தோடு முடிந்துபோவதில்லை என்ற நம்பிக்கை. கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவரும் அண்ணன்தான் நாளை அவள் குழந்தைக்குத் தாய்மாமன். காதுகுத்தில் பிள்ளை அவன் மடியில் உட்காரும். மஞ்சள் நீராட்டுக்கு அவன் தட்டு வரிசை வரும். திராவிட உறவுமுறையில் கொள்வினை கொடுப்பினை உறவு ஒரு கல்யாணத்தோடு நில்லாமல் தலைமுறை தாண்டியும் தொடர்கிறது என்று லூயி துய்மோன் 1953இல் எழுதினார். அவர் கட்டுரையைப் படிக்காத எந்தத் தாய்மாமனுக்கும் இது தெரியும்.

நேர்த்தி முறையைப் பார்ப்போம். ஆறு வாரம், ஒரே கிழமையில், எலுமிச்சம்பழத்தோடு அம்மனைத் தரிசிப்பது இங்குள்ள வழக்கம். வேண்டுதல்களில் கல்யாணம் முதன்மையானது. வேண்டுபவள் தனி ஆள். ஆனால் ஆறு வாரமும் யாரோ உடன் வருகிறார்கள்: அம்மா, அத்தை, அலுவலகத் தோழி. அவளால் ஒரு வாரம் வர முடியாமல் போனால் வீட்டில் எல்லோருக்கும் தவிப்பு. ‘என் வேண்டுதல்’ என்று தொடங்கியது சில வாரங்களிலேயே ‘நம்ம வேண்டுதல்’ ஆகிவிடுகிறது. மேற்கத்தியர்களின் தன்னுணர்வு தனித்து நிற்பது, ஆசியர்களுடையது பிறரைச் சார்ந்தது என்று மார்கஸும் கிட்டயாமாவும் 1991இல் வகுத்த பாகுபாடு உளவியலில் பெரும் செல்வாக்குப் பெற்றது. எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணை அதில் எந்தப் பக்கம் வைப்பது? ஆசை முழுக்க அவளுடையது. அதை வெளியே சொல்லும் மொழி குடும்பத்தினுடையது.

திருமணச் சீர்திருத்தமும் குடும்பம் என்ற இந்த இடத்தில்தான் நின்றது. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த இந்துத் திருமணத் திருத்தச் சட்டம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். மாலையோ மோதிரமோ தாலியோ போதும். ஆனால் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலை வேண்டும் என்றது சட்டம். ஊரறிய நடக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்த 2023 ஆகஸ்ட் வரை காலம் பிடித்தது. ஐயரை அனுப்பிவைத்த சுயமரியாதை இயக்கம் மாமனை அனுப்பிவைக்கவில்லை. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. எதை விட முடியும், எதை விட முடியாது என்பதில் ஒரு சமூகம் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

மோதிரத்தின் மறுபக்கம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாரிசுரிமைத் திருத்தம், அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு தந்தது. மைய அரசு அதைச் செய்தது 2005இல். பெண்ணுக்குச் சீர், ஆணுக்கு நிலம் என்ற பழைய ஏற்பாடு சட்டப்படி முடிந்துவிட்டது. மாங்காடு 2021இல் நகராட்சியானது. சென்னை பரவப் பரவ, ஏரிப் பாசன நிலம் மனையாகி, அன்று நெல் விளைந்த சென்ட்டுக்கு இன்று லட்சக்கணக்கில் விலை. பங்கு என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் இதற்கு முன் இருந்ததில்லை.

ஆனாலும் தங்கைகள் அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். ‘பங்கு வாங்கிட்டா அப்புறம் எந்த முகத்தோட அண்ணன் வீட்டுக்குப் போறது?’ என்பது இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இதை அறியாமை என்று தள்ளுவோர் உண்டு. தியாகம் என்று போற்றுவோரும் உண்டு. இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி 1994இல் விரிவாக எழுதிய பீனா அகர்வால், அண்ணன் தம்பியின் ஆதரவை இழக்காதிருக்கவே பெண்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றார். அதாவது இது ஒரு கணக்கு. கணவன் கைவிட்டால் வந்து தங்க ஒரு வீடு, மகளின் சடங்குக்கு வரிசையோடு வரும் ஒரு தாய்மாமன். இவற்றை வங்கியில் போட்டு வைக்க முடியாது. இருந்தாலும் இந்தக் கணக்கில் ஓர் அநீதி உண்டு. உறவைக் காப்பதற்கான விலையை ஒரு பக்கம்தான் கட்டுகிறது. தங்கையின் அன்பைத் தக்கவைக்க எந்த அண்ணனும் தன் பங்கை எழுதிக் கொடுப்பதாக நாம் கேள்விப்படுவதில்லை. அகர்வால் பார்த்தது பொருளியல் நிர்ப்பந்தம். அதோடு நான் சேர்ப்பது ஒன்று: கையெழுத்திடுபவள் தன் பயத்துக்காக மட்டும் கையெழுத்திடுவதில்லை. ‘நல்ல தங்கச்சி’ என்ற தன் அடையாளத்தையும் காத்துக்கொள்கிறாள். சட்டம் அவளுக்குச் சொத்தில் பங்கு தந்தது. அந்தப் பெயருக்கு ஈடாக வேறொரு பெயரை யாரும் தரவில்லை.

மொய் எழுதும் மேசையில் இதையே வேறு வடிவில் காணலாம். ‘பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?’ என்பது முதல் கேள்வி. அடுத்தது ஊர். விழுப்புரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ வந்து மாங்காட்டில் வீடு கட்டி, ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேயே வைத்திருப்பவரும் நோட்டில் எழுதச் சொல்வது அப்பாவின் ஊரை. தமிழரின் தன்னுணர்வு ஊரோடு பிணைந்தது என்று வாலன்டைன் டேனியல் 1984இல் எழுதினார். ஊர் மண்ணின் குணம் ஆளுக்குள் இறங்குகிறது என்ற நம்பிக்கையை அவர் பதிவு செய்தார். புறநகரில் அந்த மண்ணும் இல்லை, அதில் விளைந்த சோறும் இல்லை. மிஞ்சியது மொய்க் கடன்தான். அந்த ஊரில் நமக்கு மொய் வைத்தவர்களுக்குத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும் வரை ஊர் நம்மோடு இருக்கிறது.

இனிமேல்தான் இந்த ஒழுங்குக்குச் சோதனை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. ஒற்றைப் பிள்ளை வீடுகளும், பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள வீடுகளும் பெருகியிருக்கின்றன. உடன்பிறந்தான் இல்லாத மணப்பெண்ணுக்குப் பெரியப்பா மகனோ சித்தி மகனோ அண்ணன் முறையில் நிற்கிறார். ஆள் இல்லாதபோதும் முறை காலியாக இருப்பதில்லை. சீரும் வருகிறது, பல வீடுகளில் பணத்தைப் பெண்ணின் அப்பாவே கொடுத்து, அந்த முறை அண்ணன் கையால் தட்டில் வைக்கச் செய்கிறார். அந்த வீட்டில் பங்கை விட்டுக்கொடுக்க அண்ணன் தம்பி இல்லாததால் விடுதலைப் பத்திரமும் இல்லை. சொத்து நேராக மகளுக்குப் போகிறது. அண்ணன் என்ற பதவி அப்போது சொத்திலிருந்து முற்றாகப் பிரிந்து, வெறும் முறையாக நிற்கிறது. அப்படி நிற்கும் முறைக்கு அவள் பிள்ளையின் காதுகுத்து வரை ஆயுள் இருக்குமா என்பதை அடுத்த தலைமுறையின் மொய் நோட்டுகளில்தான் தேட வேண்டும்.