பழைய வண்டிக்குப் புதிய சக்கரம்

மனிதன் கண்ட கருவிகளுள் சக்கரத்துக்கு நிகரானவை மிகச் சிலவே. எனினும் அதன் வரலாற்றை, வண்டி வைத்திருப்போருள்கூட, எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஜொகூர் மாநிலத்தில் இந்நாளில் பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிடும் ஆர்வம் நம்மவரிடையேயும் வளர்ந்து வருகின்றது. பாட்டன் பால் வெட்டிய காலத்தில் துரையின் பங்களா வாயிலில் நின்ற மாரிஸ் மைனரையும், பட்டணத்து டாக்டர் ஓட்டிய மினியையும் பேரன் இன்று தன் சம்பாத்தியத்தில் வாங்கி ஓட்டுகிறான். வாங்கியதும் அவன் கேட்கும் முதற் கேள்வி, "இதற்கு எந்த ஸ்போர்ட் ரிம் பொருந்தும்?" என்பதே. இதனை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோரும் உளர். நாம் அவ்வாறு ஒதுக்கோம். இக்கேள்விக்குப் பின்னே நூறாண்டு வரலாறும், நம் முன்னோரின் உழைப்பும், வண்டியில் ஏறுவோரின் உயிரும் இருக்கின்றன.

முதலில் மரச் சக்கரத்தைக் கருதுவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகளைக் குடம், ஆரக்கால், வட்டை, பட்டா என்று நம் தச்சர் பகுத்துப் பெயரிட்டனர். அச்சைப் பற்றுவது குடம். குடத்தையும் வட்டையையும் பிணைப்பது ஆரக்கால். தரையின் தேய்மானத்தைத் தாங்குவது இரும்புப் பட்டா. இந்த வேலைப் பிரிவினை மோட்டார் வண்டியிலும் மாறவில்லை, மாறியது பொருளே. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட போர்டு டி வண்டிகளுள் பெரும்பாலானவை மர ஆரக்கால்களின் மீதே ஓடின. மரமோ மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். ஆரக்கால் தளர்ந்து கிறீச்சிடும். ஆதலின் கம்பிச் சக்கரமும், தகட்டை அழுத்திச் செய்த எஃகுச் சக்கரமும் மரத்தின் இடத்தைப் பிடித்தன. முன்னது இலேசானது, ஆயினும் கம்பிகளை அவ்வப்போது முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். பின்னது மலிவானது, உறுதியானது, ஆயினும் கனமானது.

சக்கரத்தோடு நம் சமூகத்தின் விதியைப் பிணைத்தது ரப்பர். 1845-இல் ராபர்ட் தாம்சன் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். உலகம் அதனை மறந்தது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளின் பொருட்டு அதனைப் புதிதாய்க் கண்டார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னரே, 1877-இல், 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. அங்குத் தாவரத் தோட்டத் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பருக்குக் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தன. சிகாமட்டிலும் லாபிசிலும் குளுவாங்கிலும் விடியுமுன் எழுந்து வெட்டிய பால், உலகத்துத் தெருக்களில் டயராய் உருண்டது. வெட்டியவருள் பெரும்பாலோர் அந்த வண்டிகளில் ஏறியதேயில்லை.

1924-ஆம் ஆண்டு நம் கதையில் இரு வகையில் சிறப்புடையது. அவ்வாண்டு ஜூன் 28-இல் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படித் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளில் பெருவிருப்பம் கொண்டிருந்த சுல்தான் இப்ராகிம் அப்போது ஜொகூரை ஆண்டு வந்தார். அடுத்த சில வாரங்களில், ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், பிரான்சு நாட்டு லியோன் நகரப் பந்தயத்துக்கு எட்டோரே புகாட்டி 35-ஆம் வகை வண்டிகளைக் கொணர்ந்தார். அவற்றின் சக்கரங்கள் அலுமினியத்தில் வார்க்கப்பட்டவை. எட்டுத் தட்டையான ஆரக்கால்களும் பிரேக் உருளையும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. இன்று கடைகளில் பளபளக்கும் ஸ்போர்ட் ரிம்முக்கு இதனை மூதாதை எனலாம். அழகுக்காக மட்டும் அவர் அவ்வாறு செய்யவில்லை. ஸ்பிரிங்கின் கீழே தொங்கும் கனம் குறைந்தால், மேடுபள்ளங்களில் சக்கரம் தரையை விட்டெழாமல் ஒட்டி ஓடும். பிரேக்கின் சூடும் விரைவில் தணியும். காரணம் முதலில் வந்தது. அழகு அதன் பின்னே வந்தது.

டயரின்றிச் சக்கரம் என்னாகும் என்பதையும் இம்மண் கண்டிருக்கின்றது. 1941 டிசம்பரிலிருந்து ஜப்பானியப் படைகள் வடக்கேயிருந்து சைக்கிள்களில் ஜொகூரை நோக்கி விரைந்தன. வெப்பத்தில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மின் மீதே ஓட்டினர்; இரவில் அந்த இரைச்சலைக் கேட்டோர் டாங்கிப் படை வருகின்றதென்று அஞ்சினர் என்று போர் வரலாறு கூறுகின்றது. 1942 ஜனவரி 31-இல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தையே வெடிவைத்துப் பிளந்தது.

போருக்குப் பின் வந்த காலமே இன்று நாம் பழமை என்று போற்றும் காலம். 1910 முதல் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களை வாங்கிய டன்லப் கம்பெனியே, ஜாகுவார் டி வகைப் பந்தய வண்டிகளுக்குத் துளையிட்ட கலப்பு உலோகச் சக்கரங்களைச் செய்தது. அவ்வண்டிகள் லமான் பந்தயத்தில் 1955, 1956, 1957 என மூன்றாண்டு தொடர்ந்து வென்றன. நம் மக்கள் வெட்டிய பாலும் அந்த உலோகமும் ஒரே முதலாளியின் கணக்கேட்டில் எழுதப்பட்டவை. 1959-இல் இசிகோனிசின் மினி 10 அங்குலச் சக்கரங்களோடு பிறந்தது. அதன் ஸ்பிரிங்குகளும் ரப்பராலானவை. 1964, 1965, 1967-இல் அது மாண்டி கார்லோ பந்தயத்தில் வாகை சூடியது. அந்தப் பத்தாண்டில் மெக்னீசியக் கலப்பில் வார்த்த, எட்டு ஆரக்கால்களுடைய மினிலைட் சக்கரம் அதன் துணையாயிற்று. ஜெர்மனியில் போர்ஷே 911 எஸ் வண்டிக்கு, அலுமினியத்தை அடித்துருவாக்கிய ஐந்திதழ் புக்ஸ் சக்கரம் வந்தது. இன்று பழைய பாணி என்று விற்கப்படும் ரிம்களில் மிகப் பல இவற்றின் சாயலே.

இனித் தேர்வைப் பற்றிக் கூறுவோம். பழைய வண்டியில் எதையும் மாற்றலாகாது என்பார் ஒரு சாரார். தமிழ்நாட்டைப் பாருங்கள்: திருவாரூர் முதலிய ஊர்களின் கோயில் தேர்களுக்கே திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கின்றது. வடம் பிடிப்போர் உயிரைக் காக்க வழக்கம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். மோட்டார் வண்டி மட்டும் எவ்வாறு விலக்காகும்? ஆயினும் மாற்றத்துக்குக் காரணம் வேண்டும். கண்ணைக் கவர்ந்தது என்பது காரணமாகாது.

முதலாவது, உலோகம். எஃகின் அடர்த்தி ஏறக்குறைய 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மெக்னீசியத்தின் அடர்த்தி 1.7. மெக்னீசியம் மிக இலேசு. ஆயினும் உப்புக் காற்றும் ஓயாத மழையும் அதனை அரிக்கும். மூன்று புறமும் நீர் சூழ்ந்த ஜொகூரில், அறுபதாண்டு கண்ட மெக்னீசியச் சக்கரத்தை விரிசல் சோதனையின்றி மாட்டுவது அறிவுடைமையாகாது. அதே உருவில் அலுமினியத்தில் செய்தது அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு: மலிவாய் வார்த்த அலுமினியம் உறுதிக்காகத் தடித்து, எஃகுச் சக்கரத்தினும் கனத்துவிடுவதுண்டு. ஆகவே தராசில் வைத்துப் பார்த்தே வாங்குக.

இரண்டாவது, துளை அளவு. பட்டறைக்காரர் பி.சி.டி. என்பது நட்டுத் துளைகளின் மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம். மினிக்கு நான்கு துளை, 101.6 மில்லிமீட்டர். ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர். வேற்றுமை 1.6 மில்லிமீட்டர்தானே என்று நட்டை வலிந்து முறுக்குவோர் உண்டு. அவ்வாறு முறுக்கிய நட்டு சரிவர அமராது, ஓட ஓடத் தளரும், ஆணி முறியும். பழைய வோக்ஸ்வேகனிலோ ஐந்து துளை, 205 மில்லிமீட்டர். 1960-களின் பிற்பகுதியில் அது நான்கு துளை, 130 மில்லிமீட்டராயிற்று. ஆண்டறியாமல் ரிம் வாங்கலாகாது.

மூன்றாவது, அகலமும் ஆப்செட்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேரிங்குக்குப் பாரம் மிகும், ஸ்டீரிங் கனக்கும், சேறு வாரியடிக்கும். 10 அங்குலத்துக்கென வகுத்த மினியில் 13 அங்குலச் சக்கரத்தைத் திணித்தால் வளைவுகளில் உரசும். நான்காவது, முத்திரை. தாங்கும் பாரமும், ஜே.டபிள்யூ.எல். என்னும் ஜப்பானியத் தரக் குறியும், தனிச் சோதனைக்குரிய வி.ஐ.ஏ. குறியும் உண்டா எனக் காண்க. ஒன்றும் பொறிக்கப்படாத ரிம் எத்துணை ஒளிர்ந்தாலும் நம்பத்தக்கதன்று.

தோட்டத்துக் கணக்கேட்டில் எழுதும் நமக்கு, ஒவ்வொரு காசும் எத்தனை விடியலின் விலை என்பது தெரியும். அக்காசைச் செலவிடுவதை நாம் குறை கூறவில்லை. பால் வெட்டியவரின் பேரன் வண்டி ஓட்டுவது நியாயத்தின் ஒரு சிறு பகுதியேயாகும். அவன் அறிந்து ஓட்டவேண்டும் என்பதே நம் கோரிக்கை. தன் வண்டி எந்த ஆண்டில் பிறந்தது, அதன் சக்கரம் ஏன் அவ்வுருவம் பெற்றது, அதைச் சுற்றிய ரப்பர் யார் கையால் வந்தது என்பவற்றை அறிந்தவன், கடைக்காரனின் பளபளப்புக்கு மயங்கமாட்டான். மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் சக்கரத்தை மலிவுக்கு விலைபேசவும் மாட்டான்.