முடிப்பதா, மூடி வைப்பதா?: கோவை மாத நாவலும் கோட்டயம் வாரத் தொடரும்

கேரள எல்லையோரத்துக் கஞ்சிக்கோட்டிலிருந்து கிழக்கே போனால் வாளையாறு, அதைக் கடந்தால் கோவை. மேற்கே பாலக்காடு, அங்கிருந்து தெற்கே இறங்கிக்கொண்டே போனால் கோட்டயம். மர்மக் கதை படிக்கிறவருக்கு இந்த இரண்டு திசைகளும் இரண்டு ஆசிரியர்களின் முகவரி. கோவையில் ராஜேஷ்குமார், கோட்டயத்தில் புஷ்பநாத். கஞ்சிக்கோடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பகுதி. 1970களில் ஐ.டி.ஐ., இன்ஸ்ட்ருமென்டேஷன் போன்ற ஆலைகள் வந்த பிறகு எல்லைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கேட்டில் நுழைந்து வேலை பார்த்த ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட வாசகருக்கு இரண்டு மரபும் கைக்கெட்டும் தூரம்தான். ஆகவே எந்த மர்ம நாவலை முடிப்பது, எதைப் பாதியில் வைப்பது என்ற கேள்வியை எடைபோட இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி எளிமையாகத் தெரியும். பிடித்தால் முடிக்கிறோம், பிடிக்காவிட்டால் வைத்துவிடுகிறோம். ஆனால் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முடிப்பதும் விடுவதும் வாசகரின் ருசியைவிடப் பத்திரிகையின் வடிவத்தைச் சார்ந்தவை என்பது தெரியவரும்.

ராஜேஷ்குமாரின் முதல் நாவல் 1980இல் மாலைமதி இதழில் வந்த 'வாடகைக்கு ஓர் உயிர்'. பின்னர் ஜி. அசோகன் நடத்திய 'கிரைம் நாவல்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயிரத்தைந்நூறைத் தாண்டிய அவருடைய நாவல்களில் பெரும்பாலானவை இந்த மாத நாவல் அச்சில் வார்த்தவை: ஏறக்குறைய நூறு பக்கம், சட்டைப்பைக்குள் மடங்கும் அளவு, ஒரே மூச்சில் முடியும் கதை. கஞ்சிக்கோட்டில் பாசஞ்சர் ஏறி முதல் பக்கத்தைத் திருப்பினால் எட்டிமடையில் இரண்டாவது பிணம் விழுந்திருக்கும். திரும்பி வரும்போது மிச்சமும் முடிந்துவிடும்.

புஷ்பநாத் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். 1960களின் இறுதியில் மனோரமா வார இதழில் தொடங்கிய அவருடைய துப்பறியும் எழுத்து, முந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களாகப் பெருகி, 2018 மே மாதம் அவர் மறையும்வரை வாசகர்களின் பேச்சில் இருந்தது. கோட்டயத்து வார இதழ்கள்தாம் அவருடைய களம். 1980களில் மங்களம் வார இதழ் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற காலம் அது. வாரத்துக்குச் சில பக்கங்கள், கடைசி வரியில் ஒரு நிழலோ ஓர் அலறலோ. மறு வாரம் வரை கதை நம்மிடம் இல்லை, கோட்டயத்தில் இருந்தது.

அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகர் நான்சி பெர்ல் ஒரு கணக்குச் சொன்னார்: எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் கொடுங்கள், அதற்குள் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள், வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்துவிட்டு வருகிற பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். கெட்டி அட்டை நாவல்களுக்கு நல்ல கணக்குதான். நம் ஆசிரியர்கள் இருவரிடமும் அது செல்லாது. மாத நாவலில் ஐம்பது பக்கம் என்பது பாதிக் கதை. அதுவரை வந்தவர் மீதியையும் முடித்துவிட்டுத்தான் வைப்பார். தொடர்கதையிலோ பக்கக் கணக்கே கிடையாது, வாரக் கணக்குதான். எட்டு வாரம் படித்தாயிற்று, இன்னும் எத்தனை வாரம் வரும் என்பது வாசகருக்குத் தெரியாது. விற்பனையைப் பொறுத்து நீளக்கூடிய தொடரென்றால் ஆசிரியருக்கே தெரிந்திருக்காது.

இங்கேதான் முதல் வேறுபாடு தெளிவாகிறது. மாத நாவலைப் பாதியில் விடுவது ஒரு முடிவு. புத்தகம் கையில் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, இருந்தும் வேண்டாம் என்று வைக்கிறோம். தொடரை விடுவது பெரும்பாலும் முடிவே அல்ல. ஒரு வாரம் நைட் ஷிஃப்ட், மறு வாரம் பெட்டிக்கடையில் இதழ் தீர்ந்துபோயிற்று, அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போன பிரதி திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கதை கைநழுவியது தெரிகிறது. மாத நாவல்காரர் வாசகரை நூறு பக்கத்துக்குக் கட்டிவைத்தால் போதும். தொடர்கதைக்காரர் ஒவ்வொரு வாரமும் மறதியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அந்த மல்லுக்கட்டின் தடம் எழுத்தில் பதிந்திருக்கிறது. தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புத்தாள் அட்டை போட்டு பைண்டு பண்ணி வைக்கும் வழக்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு கட்டைக் கையில் எடுத்தால் ஓரங்கள் ஒரே அளவாக இருக்காது. சில தாள்களில் பின்பக்கத்துச் சமையல் குறிப்பு பாதியில் அறுந்திருக்கும், சிலவற்றில் ஓவியரின் கையெழுத்து தையலுக்குள் புதைந்திருக்கும். இத்தகைய கட்டுகளில் அடிக்கடி ஓர் இதழ் விட்டுப்போயிருக்கும், பதினான்காம் வாரத்துக்குப் பின் பதினாறாம் வாரம் என்று. படிக்கும்போது அந்த இடைவெளியை நாம் உணர்கிறோமா? இந்தக் கேள்வியைத்தான் நான் எந்த மர்ம நாவலுக்கும் முதல் சோதனையாக வைப்பேன். விட்டுப்போன அத்தியாயம் உறுத்தினால் அந்தக் கதையை முடிக்கலாம். உறுத்தாமல் வழுக்கிக்கொண்டு போனால், அடுத்த அத்தியாயங்களையும் நாமே விட்டுவிடுவதில் பிழை இல்லை.

வாரத் தொடர் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கிறது. அப்படித் தோற்பது தொடர் வடிவத்தின் கட்டாயம். ஒரு வாரத்தைத் தவறவிட்ட வாசகரையும் மறு வாரம் உள்ளே இழுத்துப்போட வேண்டும். முன்கதைச் சுருக்கம் வரும், கதாபாத்திரம் தானே தன்னை நினைவூட்டிக்கொள்ளும், நடந்ததைத் துப்பறிவாளர் இன்னொருமுறை எண்ணிப்பார்ப்பார். தவறவிட்டவருக்கு இது தயவு. ஒரு வாரமும் தவறாதவருக்குச் சுமை. அதே கதை புத்தகமாக அச்சாகி ஒரே இரவில் படிக்கப்படும்போது சுமை பன்மடங்காகிறது.

இங்கே சுவையான ஒரு திருப்பம் உண்டு. புஷ்பநாத்தின் கதைகள் பல தமிழிலும் பெயர்க்கப்பட்டு நாவல்களாக வந்தன. வாளையாற்றுக்குக் கிழக்கே அவரைப் படித்தவர்களில் பலருக்கு வாரக் காத்திருப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே ஆசிரியர், ஒரே கதை. மேற்கே அதை நழுவவிட்டவர்கள் அதிகம், கிழக்கே அதைச் சலித்து வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். காரணம் மட்டும்தான் வேறு.

மாத நாவலை இதே சோதனைக்கு உட்படுத்தினால்? ராஜேஷ்குமாரின் பெயர்பெற்ற உத்தி இரட்டைத் தடம். ஓர் அத்தியாயம் கோவையில் ஒரு கல்யாண வீட்டில் நடக்கும். அடுத்தது அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறோர் ஊரில், வேறு மனிதர்களிடம். மூன்றாவது மறுபடியும் கல்யாண வீடு. இரண்டும் எங்கே சேரும் என்பதுதான் வாசகரை இழுக்கும் கயிறு. பழகிய வாசகர்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் மளமளவென்று படித்துக்கொண்டு போவது, பிறகு திரும்பி வந்து இரட்டைப்படை. ஆசிரியருக்குச் செய்யும் துரோகம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான சோதனையாகவே படுகிறது. ஒரு தடத்தை விட்டும் மற்றது தன் காலில் நின்றால் அந்த நாவலில் பாதிதான் நாவல். ஒரு தடம் இல்லாமல் மற்றது தவித்தால் பின்னல் உண்மையானது, முடித்தே ஆகவேண்டும். அவருடைய நல்ல நாவல்கள் இதில் தேறுகின்றன. மாதத்துக்கு எத்தனையோ நாவல் என்று எழுதித் தள்ளியவற்றில் தேறாதவையும் நிறையவே உண்டு.

இரட்டைத் தடம் கோவைக்கே உரியது என்று எண்ணியிருந்தால் கோட்டயத்தையும் பாருங்கள். புஷ்பநாத்திடம் துப்பறிவாளர்கள் இருவர். உள்நாட்டு வழக்குகளுக்குப் புஷ்பராஜ், கடல் கடந்தவற்றுக்கு மார்க்ஸின். ராஜேஷ்குமார் ஒரே நாவலுக்குள் இரண்டு உலகங்களைப் பின்னினார். புஷ்பநாத் தம் எழுத்து வாழ்க்கை முழுவதையுமே இரண்டு உலகங்களாகப் பிரித்துக்கொண்டார். முன்னவர் இரண்டையும் கடைசி அத்தியாயத்தில் சேர்த்தாக வேண்டும். பின்னவருக்கு அந்தக் கடன் இல்லை. ஆகவே புஷ்பநாத்தின் வாசகர் ஒரு கிளையை முழுவதுமாக ஒதுக்கலாம். மார்க்ஸின் மட்டும் படிப்பவர்கள் இருந்தார்கள், புஷ்பராஜ் மட்டும் படிப்பவர்களும் இருந்தார்கள். ராஜேஷ்குமாரின் வாசகருக்கு அவருடைய துப்பறியும் ஜோடியான விவேக்கும் ரூபலாவும் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு தடத்தையும் நடந்தே தீரவேண்டும்.

இடம் பற்றிய நம்பிக்கையும் இருவரிடமும் எதிரெதிராக வேலை செய்கிறது. ராஜேஷ்குமாரின் கோவைத் தெருக்கள் கஞ்சிக்கோட்டு வாசகருக்குப் பழகிய தெருக்கள். உக்கடத்தில் இறங்கி காந்திபுரத்துக்கு எந்த வழியாகப் போவது என்பது அவருக்கே தெரியும். கதையில் கார் தப்பான பக்கம் திரும்பினால் உடனே முகம் சுளிப்பார். புஷ்பநாத்தின் கார்பாத்திய மலைகளையோ லண்டன் பனிமூட்டத்தையோ சரிபார்க்க அவரால் முடியாது. ஆசிரியரும் அந்த நாடுகளைப் புத்தகங்களின் வழியாகவே அறிந்தவர். தெரிந்த ஊரில் நடக்கும் கதையைச் சிறு பிழைக்காகக் கைவிடுகிறோம். தெரியாத ஊரில் நடப்பதை எவ்வளவு பெரிய பிழை இருந்தாலும் மன்னிக்கிறோம். நியாயமில்லைதான். ஆனாலும் அப்படித்தான் படிக்கிறோம்.

இனி முடிவுகளுக்கு வருவோம். இவ்விருவரின் எதிர்பாராத உறவு அங்கேதான் இருக்கிறது. புஷ்பநாத்திடம் மாந்திரீகமும் யட்சியும் டிராகுலாவும் துப்பறிதலோடு கலந்தே வருவதுண்டு. ராஜேஷ்குமார் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவர். கேள்விப்பட்டிராத ஒரு ரசாயனம், புதிதாகக் கண்டுபிடித்த ஒரு கருவி, ஏதோ ஒரு மருத்துவ விந்தை என்று அவருடைய முடிச்சுகள் அவிழும். ஒருவர் பகுத்தறிவு, மற்றவர் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அப்படிச் சொல்லமாட்டார். துப்பறியும் கதைக்கு 1929இல் அவர் வகுத்த பத்துக் கட்டளைகளில் இரண்டாவது, அமானுஷ்யத்தை அடியோடு விலக்குகிறது. நான்காவது, அதுவரை யாரும் அறியாத விஷத்தையும் கடைசியில் நீண்ட விஞ்ஞான விளக்கம் தேவைப்படும் கருவியையும் விலக்குகிறது. பேய்க்கும் புது விஷத்துக்கும் அவர் ஒரே தண்டனைதான் விதித்தார். வாசகரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. கடைசி அத்தியாயத்தில் வாய்க்குள் நுழையாத பெயரோடு வரும் ரசாயனத்தை நம்மால் ஊகித்திருக்க முடியாது, பாலைமரத்திலிருந்து இறங்கும் யட்சியையும் அப்படித்தான். இரண்டிலும் ஆசிரியர் சொன்னதை ஏற்பதைத் தவிர நமக்கு வேறு வழி விடப்படவில்லை.

சரியாகச் சொன்னால், இதில் யட்சி ஒரு படி மேல். அவள் வரப்போவது மூன்றாம் வாரமே காற்றிலும் நாய் ஊளையிலும் தெரிந்துவிடும், பொருந்தாவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். ரசாயனம் கடைசிப் பக்கம் வரை மறைந்திருக்கும். விடவேண்டிய இடத்தை அது காட்டிக்கொடுப்பதில்லை.

எழுத்தாளர் சுஜாதா இந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக வந்து நிற்கிறார். 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்தது. பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியை அது அவருடைய துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் இருவருக்கும் இடையே தொங்கவிட்டு, தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறது. நாக்ஸின் இரண்டு விதிகளையும் ஒரே நேரத்தில் சீண்டுகிற கதை. இருந்தும் அதைப் பாதியில் வைத்தவர்கள் குறைவு. கேள்வி முதல் அத்தியாயங்களிலேயே மேசைமேல் வைக்கப்பட்டுவிட்டது, வாசகர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. அதனால்தான் முடிவு கிடைக்காததுகூட ஏமாற்றமாகத் தோன்றுவதில்லை.

வாடகை நூலகப் புத்தகங்களில் கடைசித் தாள் காணாமல் போயிருப்பது பழைய மனக்குறை. யார் கொலை செய்தார் என்று தெரியாமல் தூக்கமின்றிப் புரண்டவர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. ஆனால் அப்படிக் கிழிந்த பத்து நாவல்களை நினைத்துப் பாருங்கள். எத்தனையில் அந்தத் தாளைத் தேடி இன்னொரு பிரதிக்கு அலைந்தீர்கள்? எத்தனையில் மறுநாள் காலையில் மறந்துவிட்டீர்கள்? மறந்தவற்றை முடித்திருந்தாலும் மறந்தே இருப்பீர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: மாத நாவலை எடுத்தவர் இரண்டு தடங்களும் ஒன்றையொன்று தேட ஆரம்பிக்கும் வரை பொறுத்திருக்கலாம். பாதிப் பக்கம் தாண்டியும் அவை தேடவில்லை என்றால் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடலாம், இழப்பு ஒன்றும் இல்லை. புஷ்பநாத்தின் தொடரைப் புத்தகமாக எடுத்தவர் அதை வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகவே படிக்கட்டும். அந்த வேகத்துக்கு எழுதியது அது, அந்த வேகத்தில் மட்டுமே முன்கதை நினைவூட்டல்கள் உறுத்தாது. அப்படியும் ஒரு வாரம் மறந்துபோய், மறந்தது மறு வாரமும் நினைவுக்கு வராவிட்டால், அந்தப் புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.