பால்மரத்து நுரையும் மகிழுந்துத் தலையணையும்

புறநானூற்றின் 50ஆம் பாட்டு மோசிகீரனார் பாடியது. முரசு நீராடச் சென்றிருந்த வேளையில், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில், அஃது இன்னதென அறியாது புலவர் ஏறித் துயின்றார். வாளால் தண்டிக்க வேண்டிய மன்னன் அவருக்குக் கவரி வீசினான். மன்னனின் தமிழன்புக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நாம் வகுப்பறைகளில் எடுத்துரைத்து வருகிறோம். அப்பாட்டில் நாம் எளிதாகக் கடந்து போகும் நயமொன்றும் உண்டு. கட்டிலில் பரப்பிய மெல்லிய பூஞ்சேக்கையைப் புலவர் எண்ணெயின் நுரைக்கு ஒப்பிடுகிறார். அன்று மென்மைக்கு உவமையாக நின்ற நுரை, 20ஆம் நூற்றாண்டில் மெத்தையாகவே ஆகிவிட்டது.

இன்று மகிழுந்தில் ஏறும் ஒவ்வொருவரும் அந்நுரையின்மேல் அமர்கிறோம். இருக்கையின் உச்சியில் உள்ள சிறு தலையணையில் தலை சாய்க்கிறோம். ஒரு சாண் அகலமுள்ள இப்பொருளின் வரலாறு ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றோடும், அங்குப் பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் வாழ்வோடும் பிணைந்து கிடக்கிறது. அப்பிணைப்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அணை என்னும் சொல்

தமிழில் ‘அணை’ என்பது மெத்தையைக் குறிக்கும். ஆற்று நீரைத் தடுத்து நிறுத்தும் கரையையும் குறிக்கும். மகிழுந்துத் தலையணைக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பெஞ்சமின் காட்ஸ் என்பவர் 1921ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். எனினும் நெடுங்காலம் அது தலை சாய்க்கும் வசதிப் பொருளாகவே கருதப்பட்டது.

நின்றுகொண்டிருக்கும் மகிழுந்தின்மீது பின்னாலிருந்து மற்றொன்று மோதினால், இருக்கை நம் உடலை முன்னே தள்ளுகிறது. தலையோ தான் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. இடையில் அகப்பட்ட கழுத்து, சவுக்கு வளைவதைப்போலப் பின்னோக்கி வளைந்து நைந்து போகிறது. தலைக்குப் பின்னே அணை ஒன்று இருந்தால் தலையும் உடலும் சேர்ந்தே நகரும், கழுத்து பிழைக்கும். இதனை உணர்ந்த அமெரிக்க அரசு, 1969 ஜனவரி 1 முதல் தயாராகும் மகிழுந்துகளின் முன்னிருக்கைகளில் இதனைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலச் சட்டம் ‘தலைத்தடுப்பு’ எனப் பொருள்படும் புதுப்பெயரையே இதற்கு வழங்கிற்று. தமிழின் ‘அணை’ அவ்விரு கருத்தையும் முன்னமே தன்னுள் கொண்டிருந்தது.

பால் நுரையான கதை

பிரேசில் நாட்டுப் பால்மரத்தின் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைப் புண்படுத்தாமல் நாள்தோறும் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவெய்தியபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகளின் வழியே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டில் நின்று, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தது அவர்கள் அன்றாட வாழ்வாயிற்று.

அந்தப் பால் தொடக்கத்தில் பெரும்பாலும் சக்கரங்களுக்கே சென்றது. இருக்கைகளில் சுருள்வில்லும் குதிரை மயிரும் இருந்தன. தென்னை நாரின்மீது ரப்பர்ப் பாலைத் தெளித்து இறுக்கிய அடைப்பும் பின்னர் வழக்கில் வந்தது. 1929இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், டன்லப் நிறுவனத்தைச் சேர்ந்த மர்ஃபி என்ற அறிவியலாளர், பாலைக் கடைந்து நுரையாக்கும் முறையைக் கண்டார். அப்ப மாவு கடையும் அடுக்களைப் பொறியைக் கொண்டே அவர் முதலில் கடைந்து பார்த்தார் என்பர். டன்லப் நிறுவனத்திற்கு மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் இருந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அமோனியா கலந்து உறையாமல் காத்து, சுழற்பொறியிலிட்டு, ரப்பரின் பங்கு 60 விழுக்காடாகும்வரை அதனைச் செறிவாக்குவர். அதனுடன் சவர்க்காரம், கந்தகம், துத்தநாக ஆக்சைடு முதலியவற்றைச் சேர்த்துக் கடைவர். பொங்கிய நுரை அமிழ்ந்துவிடாமல் இறுகச் செய்ய வேறோர் உப்பைக் கலந்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைப்பர். பின்னர்க் கழுவி உலர்த்தினால் எண்ணற்ற காற்றறைகள் கொண்ட மெத்தை கிடைக்கும். இவ்வாறு ஜொகூர்த் தோட்டத்துப் பாலைப்போன்ற பால் நுரையாகி, உலகெங்கும் இருக்கைகளிலும் படுக்கைகளிலும் இடம்பெற்றது.

மரம் பின்தங்கிய காலம்

1937இல் ஜெர்மனியின் லெவர்குசென் நகரில் ஆட்டோ பேயர் என்ற வேதியியல் அறிஞர் பாலியூரித்தேன் என்னும் புதுப்பொருளை உருவாக்கினார். மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவது. 1950களில் இதன் மென்னுரை விற்பனைக்கு வந்தது. பால் நுரையை வேகவைத்துக் கழுவி உலர்த்த நெடுநேரம் ஆகும். இந்நுரையோ அச்சில் சில நிமிடங்களில் விளைந்துவிடும். எடையும் குறைவு. ரப்பரைப்போல் இதன் விலை சந்தைக்குச் சந்தை தாவவில்லை. ஆகவே 1960களில் மகிழுந்து இருக்கைகளிலிருந்து பால் நுரை படிப்படியாக விலகியது.

மலேசியாவில் மகிழுந்துகளைப் பூட்டி இணைக்கும் தொழில் தோன்றியதும் அதே காலத்தில்தான். 1967இல் ஷா ஆலமில் வால்வோ மகிழுந்துகளை இணைக்கும் தொழிற்சாலை தொடங்கிற்று. 1960களின் இறுதியில் ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்திலும் அத்தகைய ஆலை எழுந்தது. அதனைப் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏற்று நடத்தியது. 1980 வாக்கில் அது ஓரியண்டல் குழுமத்தின் கைக்கு மாறியது. தொடக்கத்தில் பாகங்கள் அனைத்தும் பெட்டிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தன. உள்நாட்டில் செய்யத்தக்க பாகங்களை உள்நாட்டிலேயே வாங்க வேண்டுமென அரசு 1980 முதல் கட்டாயப்படுத்தியபின், இருக்கைத் திண்டு போன்ற நுரைப்பொருள்களுக்கு இங்கேயே தேவை பெருகியது.

இதே ஆண்டுகளில் தோட்டங்களில் என்ன நிகழ்ந்தது? பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரின் பிள்ளைகள் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் எனத் தொழில் நகரங்களை நாடினர். அங்கு நுரைத்தொழிலில் வேலைக்குச் சேர்ந்த ஒருவன் தன் கையால் வார்த்த நுரையில், அவன் தாய் வெட்டிய மரத்துப் பால் ஒரு துளியும் இல்லை. தொழில் மாற்றத்தைப் புள்ளிவிவரங்களால் மட்டும் அறிந்தோர் இதனை உணர்தல் அரிது.

தலையணை உருவாகும் முறை

இன்று தலையணை செய்யும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். முதலில் எஃகுக் கம்பியை வளைத்து இரு கால்களுடைய சட்டம் செய்வர். உயரத்தை ஏற்றி இறக்குவதற்காகக் காலில் வெட்டுகள் இருக்கும். மெழுகு பூசி, ஏறத்தாழ 50 அல்லது 60 பாகை வெப்பத்தில் வைத்துள்ள அச்சினுள் சட்டத்தைப் பொருத்துவர். பின் இருவகைத் திரவங்களைப் பேரழுத்தத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டுக் கலந்து அச்சினுள் பாய்ச்சுவர். ஒன்று பாலியால், இதில் சிறிதளவு நீரும் வினையூக்கியும் சேர்ந்திருக்கும். மற்றொன்று ஐசோசயனேட். நீரும் ஐசோசயனேட்டும் கூடும்போது கரிவளி பிறக்கிறது. மாவைப் புளிக்கவைக்கும் அதே வளிதான். அவ்வளி கலவையைப் பொங்கச் செய்து அச்சை நிரப்புகிறது.

சில நிமிடங்களில் அச்சைத் திறந்து எடுத்த நுரையை உடனே உருளைகளுக்கிடையில் நசுக்குவர். அடைபட்ட அறைகள் உடைந்து காற்றோட்டம் பெறாவிட்டால், ஆறும்போது அது சுருங்கிவிடும். பின்னர் ஓரப் பிசிறுகளை நறுக்கி, தைத்து வைத்த துணியுறையையோ செயற்கைத்தோலுறையையோ மாட்டுவர். உறையையே அச்சினுள் வைத்து அதற்குள் நுரையை வார்க்கும் முறையும் உண்டு. அப்போது திரவம் துணியில் கசியாதிருக்க உட்புறத்தில் மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கும். முடிந்த நுரையில் ஏறத்தாழ 95 விழுக்காடு காற்றே.

ஜொகூரின் ஈரக்காற்று இத்தொழிலுக்கு ஓர் இடர். ஐசோசயனேட் கலத்தினுள் ஈரம் புகுந்தால், அச்சில் நிகழ வேண்டிய வினை கலத்திலேயே தொடங்கிவிடும். அப்படிக் கெட்ட கலத்தை இறுக மூடினால் வளி பெருகி அது வெடிக்கவும் கூடும்.

அறிய வேண்டிய அபாயம்

இவற்றினும் பெரிய இடர் தொழிலாளியின் மூச்சுக்கு நேர்வது. ஐசோசயனேட்டின் ஆவியைச் சுவாசிப்போர் சிலருக்கு ஆஸ்துமா உண்டாகிறது. உடல் ஒருமுறை அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலை எழுப்பும். அவர் அவ்வேலையை விட்டு விலக நேரும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும், கையுறையும், தக்க மூச்சுக்கவசமும் இத்தொழிலில் உயிர்க்காப்பு என அறிதல் வேண்டும்.

1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன்கீழ் 2000இல் வந்த வேதிப்பொருள் விதிகளும் இவற்றை முதலாளிகளின் கடமையாக்கின. 2013ஆம் ஆண்டின் விதிகள், வேதிப்பொருள் கலங்களின் எச்சரிக்கைச் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டுமென்கின்றன. தமிழ்ப்பள்ளியில் பயின்று தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞன் அச்சீட்டைப் படித்துப் பொருள் உணர வேண்டும். ‘ஆவி’, ‘வினையூக்கி’, ‘எதிர்வினை’ ஆகிய சொற்களை அவன் அறிவியல் பாடத்தில் முன்னமே தமிழில் தெளிவாகக் கற்றிருந்தால், அயன்மொழிச் சீட்டும் அவனுக்கு எளிதில் விளங்கும். கலைச்சொல் கற்பித்தலைத் தேர்வுக்குரிய பயிற்சி என்று மட்டும் கருதும் ஆசிரியர்கள் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பால்மரத்தைப் பற்றி மலேசியத் தமிழர் நிறையப் பாடியும் எழுதியும் உள்ளனர். அம்மரத்தை விட்டு வந்தபின் நம் மக்கள் செய்த தொழில்களைப் பற்றிய எழுத்து அந்த அளவுக்கு வளரவில்லை. நுரை வார்த்தவர், இருக்கையுறை தைத்தவர், மகிழுந்து பூட்டியவர் பலர் இன்று முதுமை எய்தி நம்மிடையே வாழ்கின்றனர். மாணவர்கள் அவர்களை அணுகி, அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களையும், வேலை முறைகளையும், பட்ட இடர்களையும் கேட்டெழுதுதல் நலம். மங்கு, வாளி, பெரட்டு என்னும் சொற்களை நம் இலக்கியம் காத்தது போலவே, தொழிற்சாலைச் சொற்களையும் காத்தல் நம் கடமையாகும்.