'போதும்' என்றாலும் கேட்காத ஈரல்

போன கிழமை ஈரல் புற்றுநோய் வந்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கொழுப்புத்தான் கட்டியை வளர்க்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, வீட்டில் முட்டை, பால், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். மனிசன் பாதியாகக் கரைந்துவிட்டார். நோயாளியின் கட்டிலடியில் நின்று வாதாட மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறோம்.

1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர், செங்குழியங்களின் கொழுப்பை அசற்றோனால் பிரித்தெடுத்து நீரின் மேல் பரப்பி அளந்தார்கள். குழியங்களின் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால் கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு ஈரடுக்குக் கொழுப்பு! உண்மையில் அவர்கள் கொழுப்பையும் முழுதாக எடுக்கவில்லை, பரப்பையும் குறைத்தே கணித்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டியது. எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

அந்த மென்சவ்வில் கொலஸ்திரோலும் உண்டு. சவ்வின் இறுக்கத்தையும் நெகிழ்வையும் சரிப்படுத்துவது அதுதான்; அது இல்லாமல் எங்கள் கலங்கள் இல்லை. ஈரல் அதைத் தானே தயாரிக்கும். சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் 'போதும்' என்று தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும்.

1930களில் யப்பானில் கினோசிட்டா என்பவர், பட்டருக்கும் மார்ஜரினுக்கும் நிறமூட்டிய ஒரு மஞ்சள் சாயத்தை எலிகளுக்கு ஊட்டி ஈரல் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். ஆய்வுகூடத்திலேயே இந்த நோயை ஆராய வழி பிறந்தது.

1964இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் சிப்பர்ஸ்டீனும் ஃபேகனும் ஒரு கேள்வி கேட்டார்கள்: கட்டி வந்த ஈரலும் அந்தப் 'போதும்' என்பதைக் கேட்குமா? எலிகளுக்குக் கொலஸ்திரோல் கலந்த தீனி கொடுத்தார்கள். நல்ல ஈரல் தயாரிப்பை வெகுவாகக் குறைத்தது. கட்டி குறைக்கவில்லை, தன்பாட்டில் செய்துகொண்டே இருந்தது. இப்படிக் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்போது மென்சவ்வில் கொலஸ்திரோலுக்கும் பொசுபோலிப்பிட்டுக்கும் உள்ள விகிதமும் மாறக்கூடும் என்று பின்னர் வந்தவர்கள் கண்டார்கள். எல்லாக் கட்டியிலும் ஒரே மாதிரி அல்ல.

ஆக, கட்டி எங்கள் முட்டையை எதிர்பார்த்து நிற்கவில்லை. தனக்கு வேண்டியதை அதுவே செய்துகொள்கிறது. சாப்பாட்டை நிறுத்தினால் பட்டினி கிடப்பது நோயாளிதான்.

ஈரல் நோயில் ஆளுக்காள் சாப்பாடு வேறுபடும் என்பதும் உண்மை. நாளை அவருடைய மகன் கிளினிக் போகிறார். வாப்பாவுக்கு எதை, எவ்வளவு கொடுக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லி, ஒரு துண்டில் கேள்விகளைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.