பழுப்புக் கடற்பாசிகளின் வேதித் தற்காப்பு

பழுப்புக் கடற்பாசிகள் தம்மை மேயும் மீன், நத்தை, கடல் முள்ளெலி ஆகியவற்றையும், தம்மைத் தொற்றும் நுண்ணுயிர்களையும் வேதிப்பொருள்களால் எதிர்கொள்ளும் முறை. பாறையைப் பற்றி ஓரிடத்திலேயே வளரும் இவற்றுக்கு ஓடி ஒளிய வழியில்லை.

கடலூரில் மஞ்சக்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள தேவனாம்பட்டினக் கடற்கரை மணற்பாங்கானது. பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும் பாசிகளுக்கு அது ஏற்ற இடமன்று. தமிழகத்தில் இவை செழிப்பது மன்னார் வளைகுடாவில். மண்டபம் பக்கத்தில் சர்காசத்தைக் கட்டக்கோரை என்றும், டர்பினேரியாவைப் பக்கோடா பாசி என்றும் சொல்வார்கள். பக்கோடா பாசியின் இலைகள் கூம்பு வடிவில், தோல்போலத் தடித்து, விளிம்பில் பற்களோடு இருக்கும். விசிறி வடிவப் படைனா தன்மேல் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறது. ஆகவே, தற்காப்பு முழுவதையும் வேதியியல் கணக்கில் எழுதிவிட முடியாது.

முதன்மையான வேதிப்பொருள் ஃபுளோரோடானின். ஃபுளோரோகுளூசினால் மூலக்கூறுகள் பல இணைந்து உருவாகும் இந்தத் துவர்ப்பி பழுப்புப் பாசிகளுக்கே உரியது. உயிரணுக்களுக்குள் ஃபைசோடு எனும் நுண்பைகளில் இது சேமிக்கப்படுகிறது. வெட்டிய கட்டக்கோரையை நீரில் ஊறவிட்டால் நீர் மஞ்சட்பழுப்பாவது இது கசிவதால்தான். புரதங்களோடு பிணைந்து, மேய்வனவற்றின் செரிமானத்தைக் கெடுக்கக்கூடியது.

கடி பட்டபின் இதன் அளவு கூடுவதும் உண்டு. வட அட்லாண்டிக்கின் அஸ்கோஃபில்லம் பாசியை லிட்டோரினா நத்தை மேய்ந்தபோது ஃபுளோரோடானின் உயர்ந்ததை சுவீடன் ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினர். பக்கத்துப் பாசி மேயப்பட்டால், நீர்வழி வரும் குறிப்பை உணர்ந்து, கடிபடாத பாசியும் ஆயத்தமாகிறது. ஆனால் ஐடோட்டியா என்ற சிறு ஓட்டுயிரி கடித்தபோது அந்த உயர்வு இல்லை. யார் கடிக்கிறார்கள் என்பதும் பொருட்டாகிறது. இப்பொருளைத் தற்காப்புக்கென்றே உருவானதாகக் கருதுவது மிகை. செல்சுவர் கட்டவும் புற ஊதாக் கதிரைத் தடுக்கவும் அதுவே உதவுகிறது. அதை மீறித் தின்னும் மீன்களும் உள்ளன.

நுண்ணுயிர்த் தொற்றுக்கு எதிர்வினை இன்னும் விரைவானது. செல்சுவரிலுள்ள ஆல்ஜினேட் எனும் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, உதிரும் துணுக்குகளே அபாய அறிவிப்பாகின்றன. லாமினேரியா டிஜிட்டேட்டா எனும் பெருங்கடற்பாசி இத்துணுக்குகளை உணர்ந்த சில நிமிடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டுவது 2001-இல் அறியப்பட்டது. அப்பெராக்சைடு தன்னையே சுட்டுவிடாமல், கடல்நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவாகச் சேர்த்த அயோடைடை வெளிவிட்டு அதைத் தணிக்கிறது. பெர்னார் கூர்ட்வா 1811-இல் அயோடினைக் கண்டுபிடித்தது கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான்.

டிக்டியோட்டா இனங்கள் டைடெர்பீன் எனும் வேறுவகை வேதிப்பொருள்களை நம்புகின்றன. குளிர்கடலின் டெஸ்மரெஸ்டியா இனங்கள் சிலவோ உயிரணுக்களில் கந்தக அமிலத்தையே தேக்குகின்றன. இவ்வினங்களை மற்றப் பாசிகளோடு ஒரே வாளியில் போட்டால், செல்கள் உடைந்து கசியும் அமிலத்தில் வாளியிலுள்ளவை எல்லாம் கெட்டுவிடும். சேகரிப்போர் இவற்றைத் தனியே வைப்பார்கள்.