கை வலியில் பிறந்த ஜெராக்ஸ்

"இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்ற குரல் கேட்காத கல்லூரி கிடையாது. அந்த இயந்திரத்தின் கதை, காப்புரிமைத் தொழில் பழகிய ஒருவரின் மேஜையில் தொடங்குகிறது.

அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் 1930-ல் இயற்பியல் பட்டம் பெற்றார். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். பொருளாதார மந்தத்தில் 1933-ல் அந்த வேலை போயிற்று. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் மல்லோரி கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார்.

காப்புரிமை விண்ணப்பங்களுக்குப் பிரதிகள் எப்போதும் போதவில்லை. ஒன்று, மறுபடி டைப் அடிக்க வேண்டும். அல்லது செலவு செய்து போட்டோ எடுக்க வேண்டும். 1936 முதல் இரவு நேரத்தில் சட்டக் கல்லூரி. புத்தகம் வாங்கப் பணமில்லை. நூலகத்தில் உட்கார்ந்து கையாலேயே எழுதி எடுத்தார். கை வலித்தது. இதற்கு ஒரு வழி வேண்டும் என்று தேடத் தொடங்கினார்.

1938 அக்டோபர் 22 அன்று, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டின் உதவியால், உதவியாளர் ஓட்டோ கோர்னேயுடன் முதல் பிரதியை எடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது, காப்புரிமை விண்ணப்பத்தை அவர் 1937-லேயே கொடுத்துவிட்டார் என்பதுதான். பழகிய தொழில் கைகொடுத்தது!

1940-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1942-ல் காப்புரிமை கிடைத்தது. இதற்கிடையே இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. ஆனால் யோசனை அவர் பெயரில் பத்திரமாக இருந்தது. 1959-ல் ஜெராக்ஸ் 914 வெளிவந்தபோது அலுவலகங்களே மாறிப்போயின.

சலிப்பூட்டிய அந்த எடுபிடி வேலைதான் அவருக்குப் பிரச்சினையையும் காட்டியது, பாதுகாப்பையும் கற்றுத் தந்தது.