சித்திரை ஒண்ணாம் தேதியும் தாம்பரம் ஃபயர் ஸ்டேஷனும்

சித்திரை ஒண்ணாம் தேதி நம்ம வீடுகளில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ, வடை. அதே ஏப்ரல் 14 காலையில் தாம்பரம் தீயணைப்பு நிலையம் பக்கம் போனீங்கன்னா, யூனிஃபார்ம் போட்டவர்கள் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பார்கள். ஏதோ ஆபீஸ் சடங்கு என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன்.

விஷயம் பம்பாயில் ஆரம்பிக்கிறது. 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் நிற்கிறது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில். (யார் போட்ட கணக்கோ!) மதியம் பஞ்சில் புகை வந்தது. தீயணைப்புக்காரர்கள் ரெண்டு மணி நேரம் போல தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீ எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. 4 மணி 6 நிமிஷத்துக்கு முதல் வெடி, அரை மணிக்குள் இரண்டாவது. பல நூறு பேர் செத்தார்கள். அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அந்த நாள்தான் இன்று நாடு முழுக்கத் தீயணைப்போர் தினம்.

அந்த மாதிரிக் குடும்பங்களை யார் பார்த்துக்கொள்வது? பிரிட்டனில் இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1943-ல், போரில் குண்டு விழுந்து எரிந்த ஊர்களில் உயிர்விட்ட வீரர்களின் மனைவி மக்களுக்காக ஒரு நல நிதி ஆரம்பித்தார்கள். நன்கொடையில் இன்றைக்கும் நடக்கிறது.

நமக்கும் இது தெரியாததில்லை. குடிசை பத்திக்கிட்டா கிணற்றடியிலிருந்து குடம் கைமாறி வரும். மறுநாள் ஒருத்தர் ஓலை கொடுப்பார், ஒருத்தர் மூங்கில், ஒரு வீட்டிலிருந்து அரிசி. அணைத்ததும் ஊர்தான், கூரை வேய்ந்து கொடுத்ததும் ஊர்தான். 1908-ல் மெட்ராஸுக்குத் தனி ஃபயர் பிரிகேட் வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல எல்லா ஊருக்கும். அணைப்பது சம்பள வேலை ஆனதும் நாம் கையை எடுத்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எரிந்த வீட்டுக்கு இப்பவும் அரிசி போகிறது. அணைக்கப் போனவர் வீட்டுக்கு யார் போகிறோம்?

2012 பொங்கல் சமயம். ஜனவரி 16 விடிவதற்குள் சேப்பாக்கம் கலச மகாலில் தீ. 1768-ல் ஆற்காட்டு நவாப் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி அது. அப்போது அரசு அலுவலகங்கள் இருந்தன. கூரை இடிந்து விழுந்ததில் ஒரு வீரர் இறந்துபோனார். கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்து, தேறி, மறுபடி வேலைக்கு வந்தார். கட்டடத்தையும் பழுதுபார்த்துவிட்டார்கள், இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கேதான் நடக்கிறது.

2020 தீபாவளி. நவம்பர் 14, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தீ. கட்டடம் சரிந்து இரண்டு பேர் போனார்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. அறிவிக்கத்தான் வேணும், அது கடமை. ஆனால் அந்த ரெண்டு வீட்டிலும் இனி தீபாவளி என்றால் திவசம்தானே?

எங்க பக்கம் ஊரும் வீரர்களும் ஒன்றாக நின்றதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. படகில் ஆட்களை இறக்கிவிட்டு வந்த ஃபயர் சர்வீஸ்காரங்களுக்கு எங்க தெருவில் மொட்டை மாடியில் அடுப்பு மூட்டி உப்புமா கிண்டினார்கள். ஈரக் கையோடு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படகில் ஏறினார்கள். அவங்க வீட்டில் தண்ணி ஏறியதா, பிள்ளைங்க எங்கே இருக்காங்க என்று யாருமே கேட்கவில்லை. நானும்தான்.

போன தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தீபாவளியில் அவங்களுக்கு ஏது லீவு. வாங்கிக்கொண்டவருக்கு ஐம்பதை ஒட்டிய வயசு இருக்கும்.

"பசங்க மத்தாப்பு கொளுத்துறதை நேர்ல பாத்ததே இல்ல சார். வீடியோ கால்ல காட்டுவாங்க, அதுக்குள்ள போன் வந்துரும்" என்றார்.

பாக்ஸை மேஜை மேல் வைத்துவிட்டு, வண்டிப் பக்கம் போய் ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தார்.